சுண்ணாம்புடன் நீர் சேர்ந்தால்

எங்கள் வீட்டில் சில மாதங்கள் மிளகுக்கு ஹைட்ரஜன் என்று பெயர் இருந்தது. காப்பிக்கொட்டைக்கு ஆக்சிஜன். துவரம்பருப்பு கார்பன். கால்சியத்துக்கு முதலில் உப்புக்கல் வைத்தோம். மலைக்காற்றின் ஈரத்தில் அது கசிந்து முறத்தோடு ஒட்டிக்கொண்டதால் பிறகு புளியங்கொட்டைக்கு மாறினோம். ஒருநாள் தம்பி ஒரு ஹைட்ரஜனை வாயில் போட்டு மென்றுவிட்டு, எஸ்டேட் லயனில் வரிசையாக இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி கத்தினான். பக்கத்து வீட்டிலிருந்து அப்பாவின் அக்காவான அத்தை ஓடிவந்தாள்.

"புள்ளைக்கு என்னத்தடி குடுத்த?"

"ஹைட்ரஜனத் தின்னுட்டானுங்க" என்றாள் சித்தி, சிரிப்பை அடக்க முடியாமல்.

அத்தை தம்பியின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு கவலையோடு கேட்டாள்: "அது சூடா, குளிர்ச்சியா?"

அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் பெரிய சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த அப்பாகூடக் கோடரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா அந்தத் தை மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று செடிக்கடியிலேயே உட்கார்ந்தாள். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எஸ்டேட் ஜீப்பில் கொண்டுபோனார்கள். திரும்பியும் ஜீப்பில்தான் வந்தாள். எனக்கு எட்டு வயது இருக்கும். தம்பி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள், ஒரு துணிப்பையோடு அப்படியே மலைக்கு வந்துவிட்டாள். அந்தப் பையில் இரண்டு பாவாடை தாவணியும் ஒரு பத்தாம் வகுப்பு அறிவியல் கைடும் இருந்தன.

சித்தி முந்தின வருடம் பத்தாவது எழுதி அறிவியலில் மட்டும் தவறியிருந்தாள். அந்த ஒன்றை எழுதித் தேறிவிட்டால் சேலத்தில் ரத்தம் சோதிக்கும் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆஸ்பத்திரியில் அம்மாவின் ரத்தத்தைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு அவள்தான் தினமும் சோதனை அறைக்கு ஓடினாள். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளாம். "என்னை விட ரெண்டு வயசு பெரியவளா இருப்பா, அவ்வளவுதான்" என்று சித்தி பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் குழாயைப் பிடித்த விதத்தை, ஊதாங்குழலை அடுப்பு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள்.

ஏப்ரல் பரீட்சைக்கு அவளால் போக முடியவில்லை. தம்பி அவள் இடுப்பை விட்டு இறங்காத நாட்கள் அவை. அக்டோபர் பரீட்சைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று அப்பா பணம் கட்டிவிட்டு வந்தார். ஆகவே அந்த வருடம் முழுக்கச் சித்தி அக்டோபருக்காகப் படித்தாள், நான் அக்டோபர் வராமலே போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பரீட்சை எழுதினால் சித்தி பாஸாகிவிடுவாள், பாஸானால் சேலத்துக்குப் போய்விடுவாள். இந்த அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அவளைப் படிக்க வைத்தது நான்தான். கைடில் பக்கத்தின் இடது பாதியில் சமன்பாடுகள் சொற்களால் இருக்கும். மெக்னீசியம் கூட்டல் ஆக்சிஜன், ஓர் அம்புக்குறி, மெக்னீசியம் ஆக்சைடு. வலது பாதியில் அதையே ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் போட்டு, இரண்டு பக்கமும் சரியாகும்படி சமன் செய்திருப்பார்கள். எனக்கு அதன் பொருள் ஒன்றும் தெரியாது. தமிழ் வாசிக்கத் தெரியும், ஏபிசிடி தெரியும். அது போதும் என்றாள் சித்தி. நான் இடப்பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். அவள் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். நான் வலப்பக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் கைடின் ஓரத்தில் பென்சிலால் டிக், இல்லாவிட்டால் இன்ட்டு.

பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை நான். இப்போதும் நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆனால் அந்த விளையாட்டில் கையில் அகப்பையை வைத்துக்கொண்டு, "தப்பு! மறுபடி எழுது!" என்று அதட்டுவேன். சித்தி கையைக் கட்டிக்கொண்டு, "தப்புங்களா டீச்சர்? எங்கீங்க தப்பு?" என்பாள். எங்கே தப்பு என்று எனக்கு எங்கே தெரியும்? "எல்லாமே தப்பு" என்பேன்.

மிளகும் காப்பிக்கொட்டையும் சமன் செய்வதற்காக வந்தவை. சிலேட்டில் எண்ணிப் பார்க்கும்போது குழம்புகிறது என்று, முறத்தின் நடுவே ஒரு குச்சியை வைத்து இரண்டு பக்கமாகப் பிரித்தாள். அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குச்சிக்கு இந்தப் பக்கம், பின்னால் இருப்பது அந்தப் பக்கம். தண்ணீர் என்றால் இரண்டு மிளகும் ஒரு காப்பிக்கொட்டையும். வேறெதோடும் சேராத ஆக்சிஜனை எப்போதும் இரண்டிரண்டாகத்தான் வைத்தாள்.

"அது தனியா வராதுங்க டீச்சர். காப்பிப்பழத்துக்குள்ள மாதிரி சோடியாத்தான் இருக்கும்."

"ஒத்தக்கொட்டைப் பழமும் இருக்குது" என்றேன். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு அதெல்லாம் தெரியும்.

சித்தி கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். "அது பரீட்சைக்கு வராது" என்றாள்.

ஒருநாள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாடு. இந்தப் பக்கம் இரண்டு மிளகு, இரண்டு கொட்டை. அந்தப் பக்கம் தண்ணீருக்கு இரண்டு மிளகு, ஒரு கொட்டை. ஒரு கொட்டை மிச்சமாகிவிட்டது. சித்தி தாடையில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, மிஞ்சிய கொட்டையை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன். இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது.

சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்படிப் பண்ணக்கூடாது கண்ணு. அது தண்ணியில்ல, வேற ஒன்னு. ஆஸ்பத்திரில புண்ணுல ஊத்துவாங்களே, நுரை நுரையா வருமே, அது. கணக்கு என்னமோ சரியா வரும். பொருளே மாறிப்போயிடும். முன்னால எத்தன வேணும்னாலும் சேத்துக்கலாம். உள்ள மட்டும் கை வெக்கக் கூடாது."

பிறகு இந்தப் பக்கம் மேலும் இரண்டு மிளகு வைத்தாள், அந்தப் பக்கம் இன்னொரு தண்ணீர் வைத்தாள். சிலேட்டில் 2H₂ + O₂ → 2H₂O என்று எழுதினாள். கைடில் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போனது. டிக் போட்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அவளுக்கு எப்போதும் இடறியது ஒரே ஒரு சமன்பாடு. சுட்ட சுண்ணாம்பு கூட்டல் நீர், அம்புக்குறி, நீற்றுச் சுண்ணாம்பு. அம்மாவைப் பெற்ற தாத்தா சமவெளியில் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கல் அடுக்கியவர். காளவாய்க்குள் போகும் கல்லும் சுண்ணாம்புதான், வெந்து வெளியே வரும் கட்டியும் சுண்ணாம்புதான், அதில் தண்ணீர் விட்டால் பூத்து உதிர்கிற மாவும் சுண்ணாம்புதான், வெற்றிலையில் தடவுவதும் அதேதான். அந்த வீட்டில் வளர்ந்த சித்தி, பள்ளிக்கூடத்து அரைப்பரீட்சையில் 'சுண்ணாம்பு + நீர் → சுண்ணாம்பு' என்று எழுதிவிட்டாள். சொல்லில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததால் எழுத்திலும் ஒன்றாகவே போட்டாள். CaO கூட்டல் H₂O, அம்புக்குறி, மறுபடியும் CaO. அவளுடைய வாத்தியார் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினாராம். "ஏம்மா, தண்ணி எங்க போச்சு? உங்க ஊட்டுல ஆராச்சும் குடிச்சுட்டாங்களா?" அன்று முதல் வகுப்பில் அவள் பெயர் சுண்ணாம்பு. பெரிய பரீட்சையிலும் அதே கேள்வி வந்தது என்றும், பயத்தில் பேனா மறுபடியும் அதையே எழுதிவிட்டது என்றும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள்.

ஆகவே எங்கள் விளையாட்டு எப்போதும் அந்தக் கேள்வியில்தான் முடியும். நான் அகப்பையை நீட்டி, "தண்ணி எங்க போச்சு?" என்று அதட்டுவேன். சித்தி எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் ஒப்பிப்பாள்: "கால்சியம் ஹைட்ராக்சைடாப் போச்சுங்க டீச்சர், சி ஏ, அடைப்புக்குறிக்குள்ள ஓ ஹெச், வெளிய ரெண்டு!" டிக்.

ஆடி மாதக் கடைசியில் தாத்தா மலைக்கு வந்தார். மூச்சிரைக்க, குளிருக்குத் துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு. அத்தையும் வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அப்பா உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சித்தியும் அப்போது முறத்தை வைத்துக்கொண்டிருந்தோம். தம்பி அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தான்.

"வெளிய இருந்து ஒருத்தி வந்தா இந்தப் புள்ளைங்கள எப்படிப் பாப்பாளோ, ஆரு கண்டது" என்றாள் அத்தை. "இவன்னா நம்ம ஊட்டுப் புள்ள."

"எனக்கும் அதேதானுங்க" என்றார் தாத்தா. "ஒரு புள்ளையத்தான் குடுத்துட்டுத் தோத்துட்டேன். இந்தப் புள்ளைங்களையும் விட்ற முடியுங்களா?" துண்டைக் காதிலிருந்து அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். "நீ என்ன சாமி சொல்ற?"

சித்தி முறத்தில் இருந்த ஒரு மிளகை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த தம்பியைக் குனிந்து பார்த்தாள்.

"தம்பிக்குச் சளி கட்டியிருக்குது. மெதுவாப் பேசுங்க" என்றாள்.

அதையே எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். தாத்தா கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் இந்த ஊட்டுக் கணக்கு நேராச்சு" என்றாள். வாசலில் நின்ற அப்பா மழைக்குள் இறங்கி எங்கோ நடந்து போனார்.

நான்தான் புரியாமல் விழித்தேன். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னாள்: "உன்ர சித்தி இனி எங்கியும் போகமாட்டா சாமி. உங்கப்பனக் கட்டிக்கிட்டு இங்கயே இருக்கப்போறா."

"அப்ப நான் என்னன்னு கூப்புடறது?"

"சித்தின்னுதான். முந்தியும் சித்தி, இனிமேலும் சித்தி. ஒன்னுமே மாறப்போறதில்ல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மழையில் நனைந்துகொண்டே லயனில் வீடு வீடாக ஓடிச் சொன்னேன். சித்தி போகமாட்டா, சித்தி போகமாட்டா. எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். சிலர் சர்க்கரை கொடுத்தார்கள். ஒரு அம்மா மட்டும், "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள். தம்பிக்குச் சளி என்று சொல்லிச்சு என்றேன்.

ஆவணியில் கோயிலில் தாலி கட்டினார்கள். அத்தை சொன்னது சரியாகவே இருந்தது. சித்தி என்ற சொல் மாறவில்லை. அக்கா புருஷன் என்பதால் சித்தி அப்பாவை மாமா என்று அழைத்துவந்தாள். கட்டிய பிறகும் அவர் மாமாதான். தாவணி மட்டும் போய், அம்மாவின் பெட்டியில் இருந்த சேலைகள் வந்தன. ஊதாப்பூ போட்ட சேலையை அவள் முதலில் உடுத்திய அன்று தம்பி பின்னாலிருந்து பார்த்துவிட்டு "ம்மா" என்றான். சித்தி திரும்பவே இல்லை. ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஹால் டிக்கெட் வந்தது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரின் ஆபீசிலிருந்து அப்பா அதை நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, கையைத் துடைத்துக்கொண்டு சித்தியிடம் நீட்டினார். "நான் கூட வாறேன். எழுதிட்டு வந்துரு" என்றார். அப்பா நல்லவர். சித்தியை எழுதக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும்.

பரீட்சை அன்று முதல் பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பினார்கள். அத்தை தம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால், கீழே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பஸ் நிற்கும் வளைவு தெரியும். நான் அழுதுகொண்டே பார்த்தேன். பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. போய்விட்டது. பஸ் போன இடத்தில் இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து அப்பா முன்னாலும் சித்தி பின்னாலுமாக மேடேறி வந்தார்கள். "அவ ஏறல" என்றார் அப்பா, அத்தையிடம். "போயி என்ன பண்றதுங்க" என்று சித்தி சொன்னாளாம். அதுவும் பல வருடம் கழித்து அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சித்தி சேலையை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அவள் முதுகைக் கட்டிக்கொண்டேன். என் வேண்டுதல் பலித்துவிட்டது.

எங்கள் இருவரையும் அவள் ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தாள். அப்பா காலமான பிறகு இப்போது தம்பியோடு சேலத்தில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்குச் சர்க்கரை பார்ப்பதற்காக நான் மலையிலிருந்து இறங்கிப் போய், தெருமுனையில் இருக்கும் சோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் ரத்தம் எடுத்து, குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஊசி குத்தும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சித்தி திருப்பவில்லை. அந்தப் பெண் குழாயோடு உள்ளே போய்க் கதவை மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமா சித்தி?" என்று நான் கேட்டது அவள் காதில் விழவில்லை.

அப்போதுதான் எனக்கு, அந்தப் பரீட்சைக்கு அப்புறம் வந்த பொங்கல் ஞாபகம் வந்தது.

பொங்கலுக்கு முன்னால் லயன் வீடுகளுக்கு வெள்ளையடிக்க எஸ்டேட்டில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, வீடு புகை படிந்து கிடந்தது. சாமான்களை எல்லாம் வாசலில் எடுத்துப் போட்டபோது பெட்டிக்கு அடியில் கைடு கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அந்த விளையாட்டை விளையாடியதே இல்லை. மிளகு மிளகாகிவிட்டது, முறத்தில் அரிசி மட்டும்தான். நான் கைடின் தூசியைத் தட்டி, அகப்பையையும் தேடி எடுத்துக்கொண்டு சித்தியிடம் ஓடினேன்.

அவள் வாசலில் பாதியாக வெட்டிய தார் டிரம் ஒன்றில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு, முந்தானையை மூக்கோடு சுற்றிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "கிட்ட வராத கண்ணு, கண்ணுல தெறிச்சுரும்" என்றாள். அடியில் நெருப்பே இல்லாமல் டிரம் கொதித்தது. கற்கள் சீறின, வெடித்தன, வாய் பிளந்து பூத்தன. வெள்ளை ஆவி எழும்பி மூடுபனியோடு கலந்தது. அந்தக் குளிரில் அதன் சூடு நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தேன். கட்டிகளைக் காணோம், தண்ணீரையும் காணோம். கோலமாவு மாதிரி வெளுத்த, உலர்ந்த தூள் மட்டும் இருந்தது.

ஓ, இதுதான் அது! எனக்குத் தாங்கவில்லை. கைடைப் பிரித்து, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, பழைய குரலில் அதட்டினேன்.

"சுட்ட சுண்ணாம்பு கூட்டல் நீர்! எழுந்து நின்னு சொல்லு! தண்ணி எங்க போச்சு?"

சித்தி குச்சியால் தூளைக் கிளறிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாளோ என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. நான் மறுபடியும் கேட்டேன்.

"உள்ளதான் இருக்குது கண்ணு" என்றாள். "வெளிய தெரியாது."

நான் கைடின் வலப்பக்கத்தைப் பார்த்தேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அப்படி எதுவும் அங்கே போட்டிருக்கவில்லை.

"தப்பு!" என்றேன்.

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முந்தானைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சுண்ணாம்பு ஆவியில் அவை சிவந்திருந்தன.

"தப்புத்தானுங்க டீச்சர்" என்றாள். குனிந்து அடுத்த குடத்தை எடுத்து ஊற்றினாள்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்கு அது போதும். சந்தோஷமாகப் படியில் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டேன்.